உயர்த்திக் கொடுத்தார்கள், வலு ஏற்றவில்லை: கேம்பர் வேன் கமான் வேலையில் நடக்கும் ஏமாற்று

3350 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களின் இடைவெளி) உள்ள வேன், கேம்பராக மாற்றியது. கட்டில், சமையல் மேடை, இரண்டு பேட்டரி, பின்கதவை ஒட்டி 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, பள்ளத்தில் இறங்கினால் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சட்டத்தில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடிக்கிறது என்று ஒரு பட்டறையில் விட்டதற்கு 46,500 ரூபாய் பில். பக்கத்துக்கு இரண்டு புதுக் கமான் பட்டை (பின்பாரத்தைத் தாங்கும் வில் போன்ற இரும்புப் பட்டை), அதை ஆக்சிலோடு பிடிக்கும் புது யூ போல்ட், கமான் முனைகளுக்கு ரப்பர் புஷ் செட், பாரம் தாங்க ஒரு ஜோடி ஏர் பேக் (காற்றுப் பை) என்று எழுதியிருந்தது. வெளியே வந்தபோது பின்பக்கம் 55 மி.மீ. உயர்ந்து நின்றது. பணம் கொடுக்க அந்த உயரமே போதுமாக இருந்தது.

400 கிலோமீட்டரில் ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை. முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தால் இடதுக்கும் வலதுக்கும் 11 மி.மீ. வித்தியாசம். அதாவது பின் ஆக்சில் கோணலாக நகர்ந்துவிட்டது. பட்டறை சொன்ன பதில்: "அலைன்மென்ட் பாருங்க சார்."

கழற்றியபோது தெரிந்தது இது. புதுப் பட்டை என்று போட்டவை பட்டை அடுக்கின் அடியில் 300 மி.மீ. நீளத் துண்டுகள், 6 மி.மீ. கனம். மற்ற ஏழும் 8 மி.மீ. எண்ணிப் பார்த்தால் ஒன்பது இருக்கும், கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் அந்தத் துண்டின் நீளத்தில் பாதி யூ போல்ட் பிடிக்குள்ளேயே கிடக்கிறது. வளையாத இடத்தில் வைத்த பட்டை பாரம் தாங்காது. கனத்திலும் ஏமாற்று: பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 8-க்குப் பதில் 6 போட்டால், முழு நீளமாகவே இருந்தாலும் 42 சதவீத வேலைதான் செய்யும்.

அப்படியானால் 55 மி.மீ. எங்கிருந்து வந்தது? ஆக்சில் ஹவுசிங்குக்கும் கமானுக்கும் நடுவில் 40 மி.மீ. இரும்புக் கட்டை. மீதி 15, அந்தத் துண்டுகளின் கனமும், பழைய பட்டைகளைக் குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் தட்டி ஏற்றிய வளைவும். கறுப்பு பெயின்டைச் சுரண்டினால் தட்டிய தழும்பு வரிசையாகத் தெரிகிறது. இப்படி ஏற்றிய வளைவு பாரத்தில் மறுபடி படுத்துவிடும். அதைவிட மோசம், ஒவ்வொரு தழும்பும் விரிசல் தொடங்கும் இடம். கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி வளைக்கும் பட்டறைகளும் உண்டு. காய்ச்சியபின் எண்ணெயில் குளிர்வித்து மறுபடி மிதச் சூட்டில் பதம் வைக்காவிட்டால் அது ஸ்பிரிங் இரும்பே இல்லை.

கட்டை போட்டதால் யூ போல்ட் நீளம் போதவில்லை. அதற்குச் சாதாக் கம்பியை வளைத்து மரை போட்டிருக்கிறார்கள். மென்மையான கம்பி இழுபடும், பிடி தளரும். பிடி தளர்ந்தால் ஆக்சிலை இடத்தில் நிறுத்தும் வேலை முழுக்க, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் தலையில் விழும். அது அந்த வேலைக்குச் செய்ததல்ல. இந்த வண்டியில் இடது சென்டர் போல்ட் அறுந்தே போயிருந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் பாதியில் இது நடந்திருந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

ஏர் பேக் மட்டும் அசல். ஆனால் இரண்டுக்கும் ஒரே குழாய், நடுவில் டி இணைப்பு. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது அமுங்கும் பேக்கின் காற்று எதிர்ப்பக்கப் பேக்குக்கு ஓடிவிடும், சாய்வு இன்னும் கூடும். இடது வலதுக்குத் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு வேண்டும். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியாவது போக வேண்டும்.

இதைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். வேலைக்கு விடும் முன் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கர நடுவிலிருந்து அதன் மேலுள்ள ஆர்ச் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். ஆக்சிலுக்கு நேர் மேலே 50 கிலோ சிமென்ட் மூட்டை நான்கு வைத்து மறுபடி அளக்கவும். வண்டியை நான்கு முறை குலுக்கிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டைகளின் உராய்வு சில மி.மீ. பொய் சொல்லும். வேலை முடிந்தபின் ஏர் பேக் காற்றைக் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கிவிட்டு அதே சோதனை. இந்த வண்டி முன்பு 24 மி.மீ. இறங்கியது, பின்பும் 24. நிற்கும் உயரம் மாறி, இறக்கம் மாறவில்லை என்றால் நீங்கள் வாங்கியது கட்டை.

ஒழுங்கான வேலை வே பிரிட்ஜில் (வண்டி எடைமேடை) தொடங்கும். தொட்டி நிரப்பி, ஆட்களோடு, முழு வண்டி ஒருமுறை, பின் ஆக்சில் மட்டும் ஒருமுறை. தொட்டி இருக்கும் இடம் கணக்கையே மாற்றும்: பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 150 கிலோ தண்ணீர் இருந்தால் ஆக்சிலில் ஏறுவது 150 அல்ல, 195 கிலோ. முன் ஆக்சிலில் 45 குறையும். பட்டறைக்குப் போகும் முன் தொட்டியை ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே பாதி வைத்தியம்.

பிறகும் தேவை என்றால், ஏழு 8 மி.மீ. பட்டை உள்ள அடுக்கில் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கு இன்னொரு 8 மி.மீ. பட்டை சேர்த்தால் சுமார் 14 சதவீதம் கூடும். இரண்டை 10 மி.மீ. ஆக மாற்றினால் சுமார் 27. அதற்கு மேல் போனால் தொட்டி காலியான நாளில் வண்டி குதித்துப் பாத்திரமெல்லாம் கீழே விழும். பில்லில் "பட்டை 2" என்று எழுதினால் ஏற்காதீர்கள். அகலம், கனம், நீளம், அடுக்கில் எத்தனையாவது என்று எழுதச் சொல்லுங்கள். யூ போல்ட் புதிது, நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை தெரிய வேண்டும், 500 கிலோமீட்டரில் மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானர்) வைக்க வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று கிழியும். சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம்.

பின் ஆக்சிலோடு கம்பி இணைத்த பிரேக் வால்வு உள்ள வண்டியா என்றும் பாருங்கள். பின்பக்கம் உயர்ந்தால் அந்த வால்வு வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைக்கும். மறுபடி செட் செய்யாமல் எடுத்து வராதீர்கள். இந்த வண்டியில் தொடவே இல்லை.

எத்தனை பட்டை போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. டயரும் அப்படித்தான்: பாரக் குறியீடு 112 என்று அச்சிட்டிருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ, அவ்வளவுதான். எடை மீறினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000.

கழற்றிய துண்டுகள், அறுந்த போல்ட், கட்டை எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஸ்கேல் வைத்துப் படம், வே பிரிட்ஜ் சீட்டு, பில் மூன்றும் சேர்த்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன்.