பிரிப்பான் படலத்துக்கு எந்தப் பூச்சு?

லித்தியம் அயனி பேட்டரியில் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் ஒட்டிவிடாமல் காப்பது, பிரிப்பான் எனப்படும், தலைமுடியைவிட மெல்லிய ஒரு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் படலம். ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் அதன் நுண்துளைகள் உருகி மூடிக்கொள்ள, அயனி ஓட்டம் நின்றுவிடும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் வெப்பம் மேலும் ஏறினால் படலமே சுருங்கி, ஓரங்களில் மின்வாய்கள் தொட்டுக்கொள்கின்றன. பூச்சின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

பூசாத துண்டு ஒன்றையும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) என்ற பீங்கான் தூளை நன்றாகப் பூசிய துண்டு ஒன்றையும் 150 டிகிரி சூட்டடுப்பில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். முதலாவது வெண்மை போய்க் கண்ணாடிபோலாகிச் சுருண்டு கிடக்கும். இரண்டாவது ஏறக்குறைய வைத்தபடியே இருக்கும்.

பீங்கான் பூச்சுகளில் அலுமினாவுக்கு நேர் போட்டி போமைட் என்ற அலுமினியக் கனிமம். வெப்பம் தாங்குவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை, வேறுபாடு கடினத்தில். மோஸ் அளவுகோலில் அலுமினா 9, போமைட் ஏறத்தாழ 3. அலுமினா துகள்கள் பூச்சு உருளைகளையும் வெட்டுக் கத்திகளையும் அராவித் தேய்க்கும். அப்படி உதிரும் உலோகத்தூள் செல்லுக்குள் போனால், காக்க வந்த பூச்சே குறுக்குச் சுற்றுக்கு வழிவிட்டதாகும். போமைட் அடர்த்தியும் குறைவு. அதே தடிமனுக்கு எடை குறையும். என் தேர்வு போமைட்தான்.

பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்ற பிளாஸ்டிக் பூச்சு வேறு வேலைக்கானது. சூட்டோடு அழுத்தினால் மின்வாயோடு ஒட்டிக்கொண்டு, பை வடிவச் செல்லில் அடுக்குகள் நகராமல் பிடிக்கும். அதை மட்டும் பூசிவிட்டு வெப்பப் பாதுகாப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பீங்கான் அடுக்கின்மேல் அதை மெல்லியதாகப் பூசுவதே முறை.

வெப்பம் தாங்கும் பாலிமரான அராமிட் உருகுவதே இல்லை. விலையும் கரைப்பான் தொல்லையும்தான் தடை. சிப்பிகளின் பசையைப் பார்த்து 2007-இல் அறிமுகமான பாலிடோபமைன் பூச்சு, படலத்தின் தடிமனை ஏறக்குறைய மாற்றாமலே மின்பகுளி (அயனிகளைக் கடத்தும் திரவம்) அதில் எளிதாகப் பரவச் செய்கிறது. ஆனால் மணிக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். சுருக்கத்தைத் தடுப்பதில் பீங்கானுக்கு ஈடாகாது.

எந்தப் பீங்கானை எடுத்தாலும் இரண்டைச் சோதிக்க வேண்டும். விரலால் தேய்த்தால் வெள்ளைத்தூள் ஒட்டக்கூடாது. ஒட்டினால் துகள்களைப் பிடித்துவைக்கும் பிணைப்பான் போதவில்லை. அடுத்தது ஈரம். பீங்கான் பரப்பில் தங்கும் நீர், மின்பகுளியிலுள்ள லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உப்போடு வினைபுரிந்து, அரிக்கும் தன்மையுள்ள ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரும். ஆகவே செல்லை மூடுமுன் வெற்றிடத்தில் நன்றாக உலர்த்தியாக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பூசுவதானால், பூசிய பக்கம் நேர்மின்வாயைப் பார்க்கட்டும். உயர் மின்னழுத்தத்தில் பாலிஎத்திலீன் ஆக்சிஜனேற்றம் அடைவது அந்தப் பக்கத்தில்தான்.