லாங்ஸ் கீஹோலா, மீக்கர் லாஃப்டா?

கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா. கோடையில் ஒரே ஒரு நாள் கிடைத்திருக்கிறது. கையும் காலும் ஊன்றி ஏறும் பாறை வேண்டும், கயிறு வேண்டாம். அப்படியென்றால் பேச்சு சீக்கிரமே இரண்டு சிகரங்களில் வந்து நிற்கும்: கீஹோல் (மலைமுகட்டில் சாவித்துளை மாதிரியான திறப்பு) வழியாக லாங்ஸ் பீக், அல்லது லாஃப்ட் (இரண்டு சிகரங்களுக்கும் நடுவிலுள்ள மேட்டுத்தளம்) வழியாக மவுண்ட் மீக்கர். இரண்டுக்கும் ஒரே பார்க்கிங், முதல் மூன்றரை மைல் ஒரே பாதை, இரண்டும் கிளாஸ் 3, அதாவது கயிறில்லாமல் கையூன்றி ஏறும் தரம். நான் மீக்கர் கட்சி. அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

லாங்ஸின் உயரம் 14,259 அடி (4,346 மீ.). பூங்காவில் 14,000 அடியைத் தாண்டுவது அது ஒன்றுதான். மீக்கர் 13,911 அடி (4,240 மீ.). அந்த 89 அடிக் குறைச்சல்தான் மீக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. 14,000 அடிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. போதாக்குறைக்கு, லாங்ஸின் வடமுகத்தில் 1925இல் கட்டிய இரும்புக் கேபிளை 1973இல் கழற்றிவிட்டார்கள். அதன்பின் கயிறில்லாமல் வருகிற கூட்டம் ஏறக்குறைய மொத்தமும் கீஹோலில்தான் விழுகிறது.

தூரம், ஏற்றக் கணக்கில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. கீஹோல் போக வர 15 மைல், ஏற்றம் 5,000 அடிக்கு மேல். மீக்கர் சுமார் 11 மைல், 4,500 அடி. டைம்டு என்ட்ரியும் (நேரம் குறித்து முன்பதிவு செய்யும் நுழைவு அனுமதி) இரண்டுக்கும் ஒன்றுதான். பியர் லேக் சாலை நீங்கலான பகுதிகளுக்குக் கடந்த சில ஆண்டுகளாகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரைதான் அது கேட்கிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கே நடக்கத் தொடங்குகிறவருக்கு நுழைவுக் கட்டணம் மட்டும் போதும். ஜூலை, ஆகஸ்ட் வாரக்கடைசியில் அதற்கும் பிந்தினால் வண்டியைச் சாலையோரத்தில் விட்டு நடக்க வேண்டிவரும்.

வழி கண்டுபிடிப்பதில் கீஹோலை அடித்துக்கொள்ள ஆளில்லை. கீஹோலைத் தாண்டியதும் பாறையில் சிவப்பும் மஞ்சளுமாக வட்டங்கள். ஆஃப்பாயில் மாதிரியே இருக்கும், அங்கே செல்லப்பெயரும் அதுதான். ஒரு வட்டத்தில் நின்று அடுத்த வட்டத்தைக் கண்ணால் பிடித்துவிட்டு நகர்ந்தால் போதும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: வானம் கறுத்தால் எவ்வளவு நேரத்தில் ஆபத்தான இடத்தைவிட்டு வெளியே வர முடியும்? கோடையில் இந்த மலைகளில் மதியத்துக்குமேல் இடி மின்னல் வழக்கமான சமாச்சாரம். கீஹோலிலிருந்து உச்சிக்கு ஒரு மைலுக்குச் சற்று மேல்தான், ஆனால் ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரம் வரை பிடிக்கும். இடையில் குறுக்கு வழி கிடையாது. லெட்ஜஸ், ட்ரஃப், நேரோஸ், ஹோம்ஸ்ட்ரெட்ச் என்று நான்கு கட்டங்களை எந்த வரிசையில் ஏறினோமோ, அதையே தலைகீழாகக் கடந்தாக வேண்டும்.

ட்ரஃப் என்பது செங்குத்தான கல்லிடுக்கு. அதன் மேல்முனையில் செருகிய பாறை ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நல்ல பிடிகள் சில மட்டுமே. ஏறுகிறவர் கை வைக்கும் பிடியில்தான் இறங்குகிறவர் கால் வைத்தாக வேண்டும். அதனால் அங்கே வரிசை கட்டும். வரிசையில் நிற்பவர்களின் காலடியிலோ உதிரிக்கல் சரிவு, மேலே யாராவது தட்டிவிட்ட கல் நேராகக் கீழே நிற்பவர் மேல் வரும். அதைத் தாண்டி ஹோம்ஸ்ட்ரெட்ச் பலகைப்பாறை, ஆயிரக்கணக்கான காலணிகள் தேய்த்து வழவழத்துப்போனது. காய்ந்திருந்தால் பயமில்லை. பத்து நிமிடத் தூறல் போதும், சோப்பு தடவியதுபோல் ஆகிவிடும். உங்கள் வேகம் என்னவாக இருந்தாலும், திரும்பும் நேரத்தை முன்னால் நிற்கிற ஆள்தான் முடிவுசெய்கிறார். எனக்கு ஒத்துவராதது இதுதான்.

மீக்கரில் அந்த வரிசை இல்லை. காஸம் ஏரிப் பாதையில் போய், ஏரிக்கான கடைசி ஏற்றத்துக்கு முன்னால் இருக்கிற புல்வெளியில் தெற்கே பிரிந்து, ஷிப்ஸ் ப்ரௌ பாறைக்கும் மீக்கரின் முகத்துக்கும் நடுவிலுள்ள அகன்ற கல்சரிவில் ஏற வேண்டும். மேலே ஒரு குறுக்குச் சுவர் மறிக்கும். அதன் இடப்பக்கம் சாய்தளமாக ஒரு படுகை, அதாவது நடக்கத் தோதான பாறை விளிம்பு, ஏறுகிறது. அதைப் பிடித்து இடப்பக்கமாகவே ஏறி, பிறகு வலப்பக்கம் திரும்பினால் லாஃப்ட் என்கிற அகன்ற சமதளம். அங்கிருந்து உச்சிக்கு 450 அடி பெரும்பாறை. உச்சிக்கல் ஏறும்போது மட்டும் இரண்டு பக்கமும் வெட்டவெளி, நிதானம் தேவை. மழை மிரட்டினால் இதே 450 அடியில் லாஃப்டுக்கு வந்து, படுகையைத் தாண்டிவிடலாம்.

இதில் சிக்கல் ஒன்று உண்டு: படுகையின் மேல்முனை இறங்கும்போது கண்ணில் படாது. சரிவு நடுவே இழுக்கும், நடுவே போனால் சுவரின் விளிம்பில்தான் போய் நிற்போம். ஏறும்போதே மேல்முனையில் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்து, ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். இறங்குகையில் அது வலக்கைப் பக்கம் இருக்கும். அடுக்கி வைத்த கற்கள் கண்ணில் படும், ஆனால் அவற்றை மட்டும் நம்பக்கூடாது. படுகையில் பனிநீர் கசிவதுண்டு. விடியலில் அது கண்ணாடிப் பனியாக உறைந்திருந்தால் வெயில் படும்வரை காத்திருங்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மேற்கிலிருந்து வரும் மேகம் லாஃப்ட் ஏறும்வரை தெரியாது, லாங்ஸும் மீக்கரும் சேர்ந்து மறைத்துவிடும். கீஹோலிலோ மேற்கு வானம் அப்படியே விரியும், திரும்புவதா வேண்டாமா என்று அங்கேயே முடிவெடுக்கலாம். அந்த விஷயத்தில் லாங்ஸ்தான் மேல். மீக்கர் போகிறவர் லாஃப்டில் ஒன்பதரைக்குள் நின்று மேற்கே பார்த்துவிட்டு மிச்சத்தை முடிவுசெய்வது நல்லது.

இத்தனையும் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முதல்வாரம் வரைக்கான கணக்கு. அதற்கு முன் லாஃப்ட் சரிவு முழுக்கப் பனி. ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடரி) கிராம்பானும் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) பழகியவர்கள் சொல்வதைக் கேளுங்கள், கோடைக் கணக்கு அங்கே எடுபடாது. எந்த வழியானாலும் ஹெல்மெட், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மீக்கர் வழியில் புல்வெளி ஓடையை விட்டால் மேலே தண்ணீருக்கு உறுதி கிடையாது, அங்கேயே வடிகட்டி நிரப்பிக்கொள்ளுங்கள்.