கோதுமை கலக்காத பெருங்காயத் தூள்: வாங்கலாமா?

சப்பாத்தி, ரவை எல்லாம் விட்டவர்கள்கூடக் கோட்டைவிடுவது அஞ்சறைப் பெட்டியில்தான். கடைப் பெருங்காயத் தூள் பெரும்பாலும் ‘கூட்டுப் பெருங்காயம்’. கருவேலம் பிசினும் மைதாவும் சேர்த்தது. அசல் பெருங்காயத்தின் காட்டத்தைத் தணிக்கத்தான் இந்தக் கலவை, கலப்படம் இல்லை. ஆனால் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் ‘சீலியாக்’ நோய் உள்ளவர்களுக்கு அந்த மைதாவே வினை.

மைதாவுக்குப் பதில் அரிசி மாவு சேர்த்த தூளும் கிடைக்கிறது. மணத்தில் குறையில்லை, நாலு பேர் ரசத்துக்குக் கால் டீஸ்பூன் போதும். புகையும் எண்ணெயில் முதலிலேயே போட்டால் மாவு கருகிக் கசக்கும். கடுகு வெடித்து, அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். கொதிக்கும் குழம்புக்கு மேலே டப்பாவைத் தட்டாதீர்கள். ஆவி ஏறிக் கட்டி தட்டிவிடும்.

விலை சற்றுக் கூடுதல்தான். முன்பக்கம் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட, இந்திய விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அந்த வாசகம் இல்லாமல் பொருள் பட்டியலில் வெறும் ‘அரிசி மாவு’ என்றிருந்தால், அதே ஆலையில் மைதாவும் அரைபடலாம். பழைய டப்பாவில் இதைக் கொட்டி வைக்காதீர்கள், மூடி இடுக்கில் பழைய தூள் ஒட்டியிருக்கும்.