பேட்டரி மாற்றிய பிறகு எரிந்த மஞ்சள் விளக்கு

சென்னையில் கார் பேட்டரி மாற்றுவது இப்போது வீட்டு வாசலிலேயே முடிந்துவிடுகிற வேலை. நியூ ஜெர்சியில் இருந்து இந்த முறை வந்தபோது அந்தச் சேவையை மனதார மெச்சினேன். அதன்பின் டயரின் காற்றளவைக் கண்காணிக்கும் சென்சாருக்காக அலைந்ததுதான் வேறு கதை. விடுமுறைக்கு வந்து பெற்றோரின் காரை எடுக்கிறவர்கள் நிறைய பேர் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா இப்போது வண்டியை அதிகம் எடுப்பதில்லை. குரோம்பேட்டை வீட்டு வாசலில் வெயிலில் நிற்கிறது. நின்றாலும் அலாரம் போன்றவை சிறிது சிறிதாக மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சென்னை வெயில் பேட்டரியின் ஆயுளை மேலும் குறைக்கும். ஒரு நாள் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. கடைக்கு போன் செய்ததும் ஓர் இளைஞர் ஸ்கூட்டரில் புது பேட்டரியோடு வந்தார். எடுத்த எடுப்பில் பழையதைக் கழற்றவில்லை. மீட்டர் வைத்து அளந்து அப்பாவிடம் காட்டினார்: 12.6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11-க்கும் கீழே. மாற்றியபின் இன்ஜினை ஓடவிட்டு, 14 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏறுகிறது என்பதையும் காட்டினார். பழைய பேட்டரிக்கு உரிய தொகையைக் கழித்து, வாரண்டி அட்டையில் தேதியிட்டுக் கொடுத்தார்.

அப்போதுதான் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு, டயர் காற்றுக்கான எச்சரிக்கை. ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தது. நான்கு டயர்களின் காற்றளவு வர வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். மினுக்காமல் எரிந்தால் பெரும்பாலும் காற்றுக் குறைவு. மினுக்கிவிட்டு எரிந்தால் சென்சார் அமைப்பிலேயே கோளாறு. இந்த வேறுபாட்டை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள் சார், தானாக வந்துவிடும்" என்றார் இளைஞர். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வை ஒட்டி இருக்கும் சென்சாருக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி உண்டு. வண்டி நிற்கும்போது அது உறங்கும். சக்கரம் சுழன்றால்தான் விழிக்கும். மின்சாரம் அறுபட்டு மீண்ட காரின் கணினிக்கு நான்கின் சமிக்ஞையும் மறுபடி கிடைக்க வேண்டும். பல கார்களில் இதற்குச் சீரான வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். பகலில் ஜி.எஸ்.டி. சாலையில் அது எங்கே நடக்கும்? விடியற்காலையில் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலைக்குப் போனோம். மூன்று சக்கரங்களின் அளவு வந்துவிட்டது. பின்பக்க இடது சக்கரம் மட்டும் கோடாகவே நின்றது.

ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினோம். ஸ்கேனரை எடுக்கக்கூட இல்லை. "நான்கு சென்சாரையும் மாற்றிவிடலாம்" என்றார் ஆலோசகர். மூன்று அளவுகள் கண்ணெதிரே ஒளிர்ந்துகொண்டிருந்தன! நான்கு டயர்களையும் புதிதாகப் போடும் சமயமென்றால் அது நியாயம். எப்படியும் டயரைக் கழற்றத்தானே போகிறார்கள். எங்கள் டயர்களோ நன்றாகவே இருந்தன. வயதானவர்கள் தனியாக வந்தால் இதே பதிலைக் கேட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது.

பல்லாவரத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் முறையாகப் பார்த்தார். ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டவணைப்படி முதலில் காற்றைச் சரிசெய்தார். பிறகு கையடக்கக் கருவியை ஒவ்வொரு வால்வின் அருகிலும் பிடித்தார். மூன்று பதில் சொல்லின. அந்த ஒன்று சொல்லவில்லை. "உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது தம்பி. அதை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும்" என்றார். அவற்றின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். மற்ற மூன்றுக்கும் அதே வயதுதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். புதிய சென்சாரின் எண்ணை ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள சாக்கெட் வழியாகப் பதிவு செய்து, சக்கரத்துக்கு பேலன்சிங்கும் பார்த்த பிறகே வண்டியைக் கொடுத்தார்.

அமெரிக்காவில் இருந்து வருகிறவர்களுக்கு ஒன்று: அங்கே மலிவாகக் கிடைக்கிறதென்று சென்சாரை வாங்கி வராதீர்கள். அங்குள்ள பல கார்களின் சென்சார்கள் 315 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் பேசுபவை. இங்கே பொதுவாக 433. பொருந்தாவிட்டால் கணினிக்கு அது கேட்கவே கேட்காது.

விளக்கு அணைந்துவிட்டதென்று காற்றுப் பார்ப்பதையும் நிறுத்திவிடக் கூடாது. பல கார்களில் காற்று கால்வாசி குறைந்த பிறகே எச்சரிக்கை வரும். நியூ ஜெர்சியில் பல இடங்களில் இயந்திரத்தில் காசு போட்டால்தான் காற்று. எங்கள் தெருமுனை பங்க்கில் இலவசமாகவே அடித்துத் தருகிறார்கள். டயர் சூடாகும் முன் அப்பா காலையிலேயே போய்ப் பார்த்துக்கொள்கிறார்.