பட்டை நிப்பா, கூர் நிப்பா, பிரஷ் பேனாவா?

ஓர் எழுத்தில் தடித்த கோடும் மெல்லிய கோடும் உண்டாக முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. பட்டையான முனையை ஒரே சாய்வில் பிடித்து, அது நகரும் திசையால் கோட்டை மாற்றுவது ஒன்று. கூரான முனையை அழுத்தியும் தளர்த்தியும் எழுதுவது மற்றொன்று. காலிகிராஃபி என்னும் வனப்பெழுத்தைப் பழக நினைப்பவர் கடைக்குப் போகும்முன் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: கோணமா, அழுத்தமா? நான் கோணத்தின் பக்கம். தமிழ் எழுத வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இதை இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

பட்டை நிப்பில் பழகுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஓர் அளவு இருக்கிறது. லண்டனில் 1899இல் வகுப்பெடுக்கத் தொடங்கிய எட்வர்ட் ஜான்ஸ்டன், பத்தாம் நூற்றாண்டின் ராம்சி சங்கீதச் சுவடியை (விவிலியத்தின் சங்கீதப் பாடல்களைக் கையால் எழுதிய நூல்) முன்மாதிரியாகக் கொண்டு மாணவர்களுக்கு ஓர் அடிப்படை எழுத்துமுறையை வகுத்தார். அதில் ஆங்கிலச் சிற்றெழுத்தின் உடல் உயரம் (மேலும் கீழும் நீளும் கோடுகள் நீங்கலாக) நிப்பின் அகலத்தைப் போல நான்கு மடங்கு. பேனாவின் சாய்வு சுமார் 30 பாகை. 3.8 மில்லிமீட்டர் நிப்பென்றால் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர். இந்த 30 பாகையில் பிடித்தால் படுக்கைக் கோடு நிப்பின் அகலத்தில் சரிபாதியாக விழும். செங்குத்துக் கோடு ஏறக்குறைய முழு அகலத்துக்கு வரும். கை திரும்பிவிட்டால் அடுத்த கோடே காட்டிக் கொடுத்துவிடும். தனியாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம்.

தமிழுக்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டில் தடிப்பும் மெலிவும் கிடையாது. அதனால் ஆங்கிலத்துக்கு இருப்பதுபோல, இந்தக் கோணம், இத்தனை மடங்கு உயரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு நமக்கு இல்லை. நான்கு மடங்கில் எழுதிப் பார்த்தேன். ‘ண’வின் சுழிகள் மையால் அடைந்துபோயின. ஐந்து, ஆறு மடங்காக உயர்த்திய பிறகே அவற்றுக்குள் வெள்ளை தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. சிறுவயது முதல் கையை எடுக்காமல் எழுதிப் பழகியவர்கள் நாம். பட்டை நிப்பை மேல்நோக்கித் தள்ளினால் அது தாளைப் பிராண்டும். ‘ட’ சிக்கலில்லாமல் வரும்: மேலிருந்து கீழே, பிறகு வலப்பக்கம். ‘ப’வுக்கோ கையை எடுத்து, வலப்பக்கக் கோட்டை மறுபடியும் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது, இத்தனை ஆண்டுகளாக எழுதியும் பார்க்காத அதன் எலும்புகள் தெரிகின்றன. இந்தக் கலையில் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்த இடம் இதுதான்.

கூர் நிப்பின் அழகை நான் மறுக்கவில்லை. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட மாதிரிகளால் ‘காப்பர்பிளேட்’ என்று பெயர் பெற்ற சாய்வெழுத்துக்கு அது இல்லாமல் முடியாது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப்பின் இரு கால்களும் விரிந்து கோடு தடிக்கும். மேலே போகும்போது தளர்த்தினால் முடிபோல மெலியும். சுமார் 55 பாகைச் சாய்வுக்கென்று, நிப்பைப் பக்கவாட்டில் தாங்கும் தனிப் பிடியும் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு ஜப்பானின் நிக்கோ ஜி நிப்பு ஏற்றது. விறைப்பானது, கொஞ்சம் முரட்டுக் கையையும் தாங்கும். புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைத் துடைக்காவிட்டால் மை திவலையாக நழுவிவிடும். எழுதி முடித்ததும் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். கடலோர ஊர்களில் இது மிகவும் அவசியம். திருமண உறையில் ஆங்கிலப் பெயர் எழுதுவதுதான் உங்கள் கனவென்றால் நேராக இதற்கே வாருங்கள். தமிழின் சுழிகளோ மேலும் இடமுமாகத் திரும்பிக்கொண்டே இருப்பவை. அங்கே சற்று அழுத்தினாலும் கூர்முனை தாளில் குத்தி மையைத் தெறிக்கும்.

தூரிகைபோல் வளையும் முனை கொண்ட பிரஷ் பேனாவும் அழுத்தத்தின் பக்கம்தான். அதற்கு மைப்புட்டி வேண்டாம், கழுவ வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு போகலாம். டோம்போவின் ஃபுடெனோசுகே கடினமுனைப் பேனா நல்ல தொடக்கம். ஆனால் அதன் முனை சொரசொரப்பான தாளில் சீக்கிரம் பிசிறிவிடும். முதல் நாளே ஒரு பெயரை எழுதி மகிழ முடிகிறது என்பது அதன் நன்மை. அதையே அதன் குறையாகவும் பார்க்கிறேன். எழுத்தின் உயரமும் இடைவெளியும் கலைந்திருப்பதை அந்தக் குழைவு மறைத்துவிடும். ஓராண்டு பிரஷ் பேனாவில் எழுதியவர்கள் பட்டை நிப்புக்கு மாறித் திகைப்பதைக் கண்டிருக்கிறேன்.

இடக்கையர்களுக்கு இந்த வரிசை மாறலாம். பட்டை நிப்புக்கு அவர்கள் மணிக்கட்டையோ தாளையோ நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். காப்பர்பிளேட் சாய்வு பலருக்குத் தனிப் பிடி இல்லாமல் நேரான பேனாப்பிடியிலேயே அமைந்துவிடும்.

பட்டை நிப்பு என்று முடிவு செய்தால், பைலட் நிறுவனத்தின் பேரலல் பேனாவை வாங்கலாம். உள்ளே செருகும் மைக்குழாயில் (கார்ட்ரிட்ஜ்) ஓடும், மையில் தொட்டெழுத வேண்டாம், 2.4 அல்லது 3.8 மில்லிமீட்டர் போதும். நீர் புகாத இந்தியன் இங்க்கை மட்டும் அதில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள அரக்கு காய்ந்து உள்வழியை அடைத்துவிடும். நான் ஒரு பேனாவை அப்படித்தான் இழந்தேன். தாள் 100 ஜி.எஸ்.எம். அளவில் வழவழப்பாக இருக்கட்டும். மலிவான நோட்டுத் தாளில் மை கசிந்து ஓரமெல்லாம் பிசிறும்.

பேனா வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பென்சில்களை முனைகள் சமமாக இருக்கும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் உங்கள் நிப்பின் அகலம். சாய்வை மாற்றாமல் ஒரு பக்கம் முழுக்க ‘ட’, பிறகு ‘ப’, பிறகு ‘ம’ எழுதுங்கள். இரட்டைக் கோடு எங்கே விரிகிறது, எங்கே ஒன்றாகச் சேர்கிறது என்று பாருங்கள். அது எல்லா ‘ட’விலும் ஒரே மாதிரி வரும் நாளில் பேனாவைத் திறக்கலாம்.