15 அங்குல வூஃபருக்குப் பெட்டி ஓடர் கொடுக்கப் போகிறீர்களா? என் 52,000 ரூபா போன கதை

மலையகத்தில் ஹட்டன் பக்கம், தலவாக்கலை பக்கம் சொந்தமாக ஸ்பீக்கர் செய்கிற தம்பிமாருக்காக அவசரமாக எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. கொழும்பில் ஸ்பீக்கர் சாமான் விற்று, பெட்டியும் அடித்துக் கொடுக்கிற ஒரு கடை. முகநூலில் பக்கமும் வைத்திருக்கிறார்கள், பளபள என்று படங்கள்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு என்று 15 அங்குல வூஃபர், அதாவது பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், இரண்டு வாங்கி வைத்திருந்தேன். வூஃபரோடு வந்த தாளில் எஃப்எஸ் (வூஃபர் தானாக அதிரும் வேகம்) 38 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்கும் என்கிற எண்) 0.38, வாஸ் (கூம்பின் துள்ளலுக்குச் சமமான காற்றின் அளவு) 130 லீட்டர். இந்த மூன்றையும் வைத்துத்தான் பெட்டியின் அளவு வரும், வூஃபர் எத்தனை அங்குலம் என்பதை மட்டும் வைத்து வராது. போர்ட், அதாவது காற்று வந்து போகிற குழாய், வைத்த பெட்டிக்குக் கணக்குப் போட்டால் ஒரு பெட்டியின் உள்ளளவு 120 லீட்டர் சொச்சம். அந்தத் தாளோடு நேரே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தாளை வாங்கி வாஸ், க்யூடிஎஸ் எல்லாம் விரல் வைத்துப் படித்தார். "தம்பி சரியா கணக்குப் போட்டிருக்கீங்க, நிறையப் பேர் இதெல்லாம் பார்க்கிறதே இல்ல" என்றார். பிறகு தன் பேனாவாலேயே அந்தத் தாளின் ஓரத்தில் "120 லீ., 18 மி.மீ. ப்ளைவுட்" என்று எழுதி, கீழே பெட்டியின் படமும் வரைந்து கொடுத்தார். விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பினேன், இப்படிப் பேசுகிறவரை யார்தான் நம்பமாட்டார்கள்? இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 52,000 ரூபா. முழுக்காசையும் முதலே கட்டினால்தான் பலகை வெட்டுவோம் என்றார், பேங்கில் போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பெட்டி லொறியில் வந்தது. வெளியே கறுப்பு ரெக்சின் ஒட்டிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வூஃபரைப் பூட்டிப் பாட்டுப் போட்டால் பேஸ் கிட்டார் ஏறுவதும் இறங்குவதும் தெரியவே இல்லை, எல்லாம் ஒரே "டொம் டொம்". கழற்றி உள்ளே டேப் வைத்து அளந்தேன். அகலம் 41.4, ஆழம் 34.4, உயரம் 56.4 சென்டிமீட்டர். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 80 லீட்டர். வூஃபரின் காந்தம், போர்ட் குழாய், குறுக்குச் சட்டம் எல்லாம் போக 72 மிஞ்சினால் பெரிய விஷயம். வெளியளவைப் பெருக்கினாலும் 103 லீட்டரைத் தாண்டாது, அப்போ 120 எங்கே?

போர்ட்டின் நீளம், 120 லீட்டர் பெட்டி 38 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்படி போட்ட கணக்கு. அதே குழாயை 72 லீட்டரில் வைத்தால் 49 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்குக் கீழே வருகிற சத்தத்துக்கு வூஃபரின் முன்னால் அசைகிற கூம்பு பிடிமானம் இல்லாமல் ஆடும், சத்தம் கூட்டினால் வூஃபரே போய்விடும்.

ப்ளைவுட் கதை இன்னும் மோசம். வூஃபருக்கு வெட்டின ஓட்டையின் ஓரத்தைச் சுரண்டினேன், ரஸ்க் மாதிரித் தூள் தூளாக உதிர்ந்தது. சிப்போர்ட், மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை! நம்ம ஊர் மூடுபனிக்கும் மழைக்கும் சிப்போர்ட் ஈரம் குடித்து ஊதும், ஸ்குரூ பிடிக்காது. எங்கே போகிற பெட்டி என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

போன் எடுத்தேன். முதலில் "அம்ப் பத்தாது தம்பி." அப்புறம் "ஓட ஓட சரியாகும்." அப்புறம் "உள்ளே பஞ்சு போடுங்க." பஞ்சு கொஞ்சம் உதவும்தான், ஆனால் பஞ்சு போட்டு ஐம்பது லீட்டர் கூட்ட முடியுமா? அளவு தெரிகிற மாதிரி டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திரும்ப எடுத்தால் ஒரு பையன் "பாஸ் வெளியில, நாளைக்கு எடுங்க" என்கிறான். கடைசியில் அவரே எடுத்து, "வெட்டின சாமானுக்கு ரிட்டர்ன் இல்ல, பில்லுல போட்டிருக்கு" என்று வைத்துவிட்டார்.

52,000 ரூபா. அம்மாவின் அப்போதைய நாட்சம்பளம் 1,350 என்று வைத்தால் 38 நாளுக்கு மேல் கொழுந்து பறித்த காசு அது.

பெட்டி செய்வது பற்றி விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் இல்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். பில்லில் "உள்ளளவு" என்ற சொல்லோடு மூன்று பக்கமும் சென்டிமீட்டரில் எழுதி வாங்குங்கள், வெறும் லீட்டர் கணக்கை ஏற்காதீர்கள். ரெக்சின் ஒட்டுமுன் பலகையின் வெட்டு ஓரத்தைப் படம் கேளுங்கள், ப்ளைவுட் என்றால் அடுக்கு அடுக்காகத் தெரியும். முழுக்காசு முதலில் கொடுக்காதீர்கள். முடிந்தால் ஊரில் தெரிந்த தச்சரிடமே கொடுங்கள், நம் கண் முன்னால் வெட்டுவார்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி மாட்டினவர்கள் இருந்தால் பில்லையும் ஸ்லிப்பையும் எறிந்துவிடாமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.