மலிவு கிளவுடில் ஐந்து வருட பேக்கப்: வைத்த கதையும் எடுத்த கதையும்

ஹார்டு டிஸ்க் சாகும்போது ஒரு சத்தம் வரும். டிக், டிக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டிக். ஐந்து வருடத்துக்கு முன் ஓர் இரவு முழுக்க அதைக் கேட்டபடி டிஸ்க்கைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பன்னிரண்டு வருடப் புகைப்படங்கள், அப்பாவின் பதினோரு குரல் பதிவுகள். படங்களில் பெரும்பகுதி பழைய லேப்டாப்பில் கிடைத்துவிட்டது. பதிவுகளில் நான்கு மட்டும் அக்காவின் போனில் இருந்தன. மற்ற ஏழும் போனது போனதுதான்.

அதற்குப் பிறகுதான் கிளவுட் பக்கம் வந்தேன். மொத்தம் 600 ஜிபி. வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் காசு வாங்கும் சேவையாகப் பார்த்து, ஜிபிக்கு மாதம் எவ்வளவு என்ற ஒரே எண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்தேன். பெயர் வேண்டாம். சில மாதம் கழித்து, எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று மொத்தத்தையும் ஒரு முறை இறக்கிப் பார்த்தேன். அந்த மாத பில், கோப்புகளை வைத்திருக்க ஒன்றரை வருடத்துக்கு ஆகும் வாடகைக்குச் சமமாக வந்தது. வைக்க ஒரு கட்டணம், எடுக்க ஒரு கட்டணம், குறிப்பிட்ட நாளுக்கு முன் அழித்தால் அதற்கும் ஒரு கட்டணம். மலிவு சேவைகளில் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் விலை என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவில் வாடகை மிகக் குறைவு. ஆனால் கோப்பைக் கேட்டால் கைக்கு வர 12 மணி நேரம் வரை ஆகும், மலிவான வழியில் கேட்டால் 48 மணி நேரம் வரை. 180 நாளுக்குள் அழித்தாலும் மீதி நாளுக்குக் காசு உண்டு. எப்போதாவது தொடும் பழைய வீடியோக்களுக்கு அது பொருத்தம். தினம் மாறும் ஆவணங்களுக்குச் சரிப்படாது.

இப்போது தினசரிக் கோப்புகள் பேக்பிளேஸ் பி2 என்ற இன்னொரு கிளவுட் சேவையில், பழைய வீடியோக்கள் டீப் ஆர்கைவில். இரண்டுக்கும் அனுப்புவது ஆர்குளோன் என்ற இலவச மென்பொருள். முதல் அப்லோடுக்குப் பொறுமை வேண்டும். என் இணைப்பில் அப்லோடு வேகம் வினாடிக்கு 10 மெகாபிட். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலே ஐந்தரை நாள். வீட்டில் மற்றவர்களும் இணையம் பயன்படுத்த வேண்டுமே என்று இரவில் மட்டும் ஓடவிட்டதில் மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு புதிதாக வந்ததும் மாறியதும் மட்டும்தான் போகும். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

மேலே போகும் எல்லாமே என் கணினியிலேயே பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆர்குளோனின் கிரிப்ட் வசதி கோப்பின் பெயரைக்கூட மறைத்துவிடும். சேவையின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் புரியாத எழுத்துகளின் வரிசைதான் தெரியும். இந்தப் பூட்டின் கடவுச்சொல் தொலைந்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது. அதனால் அதைக் காகிதத்தில் எழுதி இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று அக்கா வீட்டில்.

இரண்டாம் வருடம் ஒரு தப்பு செய்தேன். ஆர்குளோனில் காப்பி, சிங்க் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. காப்பி போட்டால் சேர்க்க மட்டும் செய்யும். சிங்க் போட்டால் இங்கே இல்லாததை அங்கேயும் அழித்துவிடும். ஒரு நாள் கணினியில் இடம் பிடிக்கிறதே என்று ஒரு வருடப் படங்கள் இருந்த ஃபோல்டரை அழித்தேன், கிளவுடில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில். அன்றிரவு சிங்க் ஓடியது. காலையில் பார்த்தால் அங்கேயும் இல்லை. கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, பி2-வில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் அமைப்பு இருந்தது. அழித்த கோப்பு மறைக்கப்பட்டிருந்ததே தவிர, போய்விடவில்லை. எல்லாம் திரும்பக் கிடைத்தது. பழைய பதிப்புகளும் இடம் பிடிக்கும், அதற்கும் வாடகை உண்டு. அந்தக் காசை நான் மனதாரக் கொடுக்கிறேன்.

சின்னக் கோப்புகளை டீப் ஆர்கைவுக்கு அப்படியே அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கூடுதலாக 40 கேபி கணக்கில் சேரும், அனுப்பும் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் வேறு. வருடவாரியாக ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பினால் போதும்.

பெரிய சேவைகள் 99.999999999 சதவீதம் பாதுகாப்பு என்று சொல்வது அவர்களுடைய டிஸ்க் பழுதானால் தரவு தப்புமா என்ற கணக்கு. என் கார்டு காலாவதியாகி பில் கட்டாமல் விட்டால் அந்த எண் காப்பாற்றாது. அதனால் கார்டு முடியும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே போனில் நினைவூட்டல் போட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு வெளி டிஸ்க்கும் இன்னும் இருக்கிறது. கிளவுட் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், மாதத்தின் முதல் ஞாயிறு பி2-விலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து கோப்புகளை இறக்கித் திறந்து பார்ப்பேன். ஆர்குளோனின் கிரிப்ட்செக் கட்டளை, கணினியில் இருப்பதையும் கிளவுடில் இருப்பதையும் மொத்தமாக ஒப்பிட்டுச் சொல்லிவிடும்தான். இருந்தாலும் படம் திரையில் விரிந்தால்தான் எனக்கு நிம்மதி. போன மாதம் அந்தப் பத்தில் அப்பாவின் பதிவு ஒன்று வந்தது. 47 வினாடி. யாருடைய தொலைபேசி எண்ணையோ இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிட்டு, “எழுதிக்கிட்டியா?” என்று கேட்கிறார். கடைசி வரை கேட்டேன். எங்கேயும் விட்டுப்போகவில்லை.